வசவையும் சாட்சியத்தில் சேர்த்துக்கொள்ளவும்

நீதிமன்ற ஊழியர்கள் சேர்ந்து இந்த வருடம் ஒரு மலர் போடுகிறார்கள். ஓய்வு பெற்றவர்களிடமெல்லாம் கட்டுரை கேட்கிறார்கள். என்னிடம் போனில் பேசிய பெண், "மேடம், உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத கொலைக் கேஸ் ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றாள். கொலை வழக்குகளில் எனக்கு மறக்க முடியாதது ஒன்றும் இல்லை. செத்தவன் பேச மாட்டான். கொன்றவனையும் வக்கீல் பேச விட மாட்டார். தட்டச்சருக்கு அதில் என்ன இருக்கிறது? நான் பல வருடம் உட்கார்ந்திருந்தது மோட்டார் விபத்து வழக்குகளில். அங்கேதான் எல்லாரும் பேசுவார்கள். "லாரி கேஸ் ஒண்ணு இருக்கும்மா, எழுதட்டுமா?" என்றேன். "லாரியா மேடம்?" என்று அவள் குரல் இறங்கிவிட்டது. பிறகு மரியாதைக்காக, "எழுதுங்க மேடம், எடம் இருந்தா போடுவோம்" என்றாள். இடம் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் மன்னார்குடியில் பள்ளிப் படிப்பை முடித்து, அங்கேயே ஒரு டைப் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தேன். ஆங்கிலத் தட்டச்சுக்கு இடம் கிடைக்காமல் தமிழ்த் தட்டச்சில் உட்கார வைத்தார்கள். அழுதுகொண்டுதான் உட்கார்ந்தேன். நான் பாஸ் செய்யவும், நீதிமன்றங்களில் சாட்சியத்தையும் தீர்ப்பையும் தமிழில் எழுத வேண்டும் என்று அரசாங்கம் சொல்லவும் சரியாக இருந்தது. ஆங்கிலம் தட்டுகிறவர்கள் மேஜைக்கு மேஜை இருந்தார்கள். தமிழ் தட்டுகிறவர்களைத் தேட வேண்டியிருந்தது. தமிழால் வேலை கிடைத்தது என்று உண்மையாகவே சொல்லிக்கொள்ளக்கூடியவர்களில் நானும் ஒருத்தி. தஞ்சாவூரில் போஸ்டிங். அப்போது நாகப்பட்டினம், கீழ்வேளூர், திருவாரூர் எல்லாம் தஞ்சாவூர் மாவட்டம்தான். கடற்கரை வரைக்கும் நடக்கிற லாரி விபத்துகளில் பாதி எங்கள் தீர்ப்பாயத்துக்கு வந்து சேரும்.

இளையவர்களுக்காக அந்தக் கால நடைமுறையைச் சொல்கிறேன். கூண்டில் சாட்சி நிற்பார். வக்கீல் கேள்வி கேட்பார், சாட்சி பதில் சொல்வார். நாங்கள் அதை அப்படியே அடிக்க மாட்டோம். நீதிபதி கேள்வியையும் பதிலையும் காதில் வாங்கி, இரண்டையும் சேர்த்து, சாட்சியே தன் கதையைச் சொல்வதுபோல 'நான்' என்று மாற்றி எங்களுக்குச் சொல்வார். "என் பெயர் இன்னது, நான் விவசாயக் கூலி, சம்பவத்தன்று நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன்" என்கிற மாதிரி. கார்பன் தாள் வைத்து அடிப்போம். முடிந்ததும் தட்டச்சர் எழுந்து சாட்சிக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். அவர் "சரி" என்றால் கையெழுத்தோ கைநாட்டோ. கடைசியில் 'வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி. இந்த வாசித்துக் காட்டுகிற வேலையைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் நீதிபதி மெலிந்த மனிதர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. குரலை உயர்த்தவே மாட்டார். அவர் பேசுவது காதில் விழ வேண்டும் என்பதற்காகவே வக்கீல்கள் தங்கள் குரலைத் தணித்துக்கொள்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு டிக்டேட் செய்வார். நிறுத்தக்குறிகளையும் விடாமல் சொல்வார். "நான் சத்தம் கேட்டுத் திரும்பினேன், முற்றுப்புள்ளி. என் மாடு, காற்புள்ளி, வண்டி, காற்புள்ளி, இரண்டும் பள்ளத்தில் கிடந்தன, முற்றுப்புள்ளி." மாட்டை இழந்தவர் கூண்டில் அழுதுகொண்டிருப்பார். இவர் கண் மூடியிருக்கும். ஆனால் ஒரு சொல்லும் தப்பாது.

தமிழில் எழுது என்று அரசாங்கம் சொன்னதை மாநிலத்திலேயே முழு மனதோடு எடுத்துக்கொண்டவர் அவராகத்தான் இருக்கும். ஒருமுறை வண்டிகளைச் சோதிக்கிற மோட்டார் இன்ஸ்பெக்டர் சாட்சி சொல்ல வந்தார். "பிரேக் லைன்ல ஏர் லாக் ஆயிருந்துச்சுங்க" என்றார். நீதிபதி கண்ணைத் திறந்தார்.

"ஏர் லாக் என்பதற்குத் தமிழ் என்ன?"

இன்ஸ்பெக்டர் வியர்த்துப்போனார். "அது டெக்னிகல் வேர்டுங்க..." என்று இழுத்துவிட்டு, "காத்து அடைச்சுக்கிச்சுங்க" என்றார்.

"இது தமிழ்தானே? முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே" என்று கண்ணை மூடிக்கொண்டார். லாரி மட்டும் அவர் வாயில் லாரியாக வரவே வராது. எப்போதும் 'சரக்குந்து'தான். அரசாணையில் அப்படித்தான் இருக்கிறது என்பார்.

இனி நெல் லாரி வழக்கு.

அந்த வருடம் அறுவடை நேரத்தில் கீழ்வேளூர்ப் பக்கம் கூலித் தகராறு முற்றியிருந்தது. ஊருக்கு ஊர் சிவப்புக் கொடி. தாசில்தார் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசினார். உள்ளூர் ஆட்களை வைத்துத்தான் அறுக்க வேண்டும், வெளியாட்களைக் கொண்டுவரக் கூடாது என்று முடிவாகி, மிராசுதார்கள் கையெழுத்துப் போட்டார்கள். நம் கதையின் மிராசுதாரும் போட்டார். போட்ட மை காய்வதற்குள் கந்தர்வகோட்டைப் பக்கம், மழையை நம்பிக் கிடக்கும் ஊர்களிலிருந்து, தன் சொந்த லாரியிலேயே ஆள் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளூர்ப் பெண்கள் வாய்க்கால் கரையில் கொடியோடு நின்று வைதுகொண்டிருக்க, வெளியூர்ப் பெண்கள் குனிந்த தலை நிமிராமல் அறுத்தார்கள், அடித்தார்கள், மூட்டை பிடித்தார்கள்.

கடைசி நாள் மழை கறுத்துக்கொண்டு வந்தது. நெல் பாதி ஈரம். மன்னார்குடி மில்லுக்குக் கொண்டுபோய்க் களத்தில் காயப் போட வேண்டும் என்று மூட்டைகளை லாரியில் உயர அடுக்கி, அதற்கு மேல் பெண்களையும் ஏற்றி உட்கார வைத்தார்கள். வாய்க்கால் கரை திரும்புகிற இடத்தில், மதகுக்குப் பக்கத்தில் லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெண்கள் சேற்றில் விழுந்ததால் பலர் சிராய்ப்போடு பிழைத்தார்கள். காசியம்மாள் என்ற பெண்ணின் கால்மேல் மட்டும் மூட்டைகள் சரிந்துவிட்டன. எலும்பு சேர்ந்தது, ஆனால் முழங்கால் மடங்குவதில்லை. நடவுக்கும் களைக்கும் குனிய முடியாத பெண்ணை எந்த ஊரில் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? அவள்தான் எங்கள் தீர்ப்பாயத்தில் மனு போட்டாள். புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒரு வக்கீல் வழக்கை எடுத்தார். கறுப்புக் கோட்டு அவருக்குத் தோளில் தொங்கும்.

வழக்கின் முடிச்சு இதுதான். வேலை நிமித்தமாக லாரியில் ஏற்றிச் செல்லப்பட்ட கூலியாள் அடிபட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு. 'அந்தப் பக்கம்தானே போறீங்க, நானும் வரேன்' என்று வழியில் தொற்றிக்கொண்டவர் என்றால் கம்பெனி கைவிரித்துவிடும். லாரிக்காரரிடம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். லாரிக்காரரிடம் வாங்குவது என்பது நம் மிராசுதாரைப் பொறுத்தவரை நடக்கிற காரியமில்லை. லாரி கடனில் இருந்தது. நிலமெல்லாம் உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மாமியார், மைத்துனர், தொட்டிலில் கிடக்கும் பேரன் என்று ஆளுக்கொரு பெயரில் கிடந்தது. காகிதப்படி அவரைப் போன்ற ஏழை அந்தத் தாலுகாவில் இல்லை.

காசியம்மாளைத் தன் கூலியாள் என்று மிராசுதார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கம்பெனி கொடுத்துவிடும், அவர் தப்பித்துக்கொள்வார். அவருடைய வக்கீலே தலையால் அடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார். ஆனால் அப்படிச் சொன்னால் வெளியாள் கொண்டுவந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். தாசில்தார் முன்னால் போட்ட கையெழுத்துக்கு மறுநாளே கொடிக்காரர்கள் பதில் கேட்பார்கள். அதனால் அவர் ஒரே பிடியாக நின்றார். அந்தப் பெண்கள் யாரென்றே தனக்குத் தெரியாது, டிரைவர் குடித்துவிட்டு அவர்களை வழியில் ஏற்றிக்கொண்டான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்த டிரைவர் நாகூர்க்காரர், தாவூது என்று பெயர். கூண்டில் ஏறும்போதே முகம் சிவந்திருந்தது. நீதிபதி வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"நீர் எத்தனை காலமாகச் சரக்குந்து பழக்கம் உள்ளவர்?"

தாவூதின் காதில் சரக்கும் பழக்கமும் மட்டும்தான் விழுந்தன.

"அய்யா! அல்லா மேல ஆணையாச் சொல்றேங்க, அந்தக் கருமத்தை நான் கையால தொட்டதில்லீங்க! அஞ்சு வேளை தொழுவுறவங்க நான். நாகூர்ல வந்து கேட்டுப் பாருங்க. யாரு எழுதிக் குடுத்தா ஒங்களுக்கு, எனக்குச் சரக்கு பழக்கம் உண்டுன்னு?"

பின்வரிசையில் ஒரு வக்கீல் சிரித்துவிட்டு இருமினார். அதைத் தொடர்ந்து அத்தனை பேருக்கும் இருமல் வந்துவிட்டது. நீதிபதி கண்ணைத் திறந்து தாவூதைப் பார்த்தார். கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"தட்டச்சர் அம்மா."

"ஐயா?"

"லாரி என்றே போட்டுக்கொள்ளுங்கள்."

அன்று முதல் எங்கள் நீதிமன்றத்தில் லாரி லாரியாகவே ஓடியது.

தாவூது அமைதியான பிறகு சொன்னதெல்லாம் தெளிவாக இருந்தது. மழைக்கு முன்னால் நெல்லைக் கொண்டுசேர்க்க வேண்டும் என்று அவரை மில்லுக்கும் வயலுக்குமாக ஓயாமல் ஓட வைத்திருக்கிறார்கள். மாற்று டிரைவர் கிடையாது. கண் சொருகியபோதெல்லாம் வாய்க்காலில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். "மூட்டை மேல ஆள ஏத்தக் கூடாதுங்க, பொம்பளைங்க விழுந்துடுவாங்க" என்று பண்ணைக் காரியஸ்தரிடம் சொல்லியும் இருக்கிறார்.

"அதற்கு அவர் என்ன சொன்னார்?" என்றார் நீதிபதி.

"ஒனக்கு வண்டி ஓட்டச் சம்பளமா, சட்டம் பேசச் சம்பளமான்னு கேட்டாருங்க."

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல். "ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வெடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தெரியுமா, தெரியாதா?"

"தெரியுமுங்க. லைசென்ஸ் எடுக்கறப்பவே சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சு என்னங்க, மொதலாளிக்குல்ல தெரியணும்?"

நீதிபதி அதைக் கொஞ்சமும் மாற்றாமல் அடிக்கச் சொன்னார்.

அடுத்து மிராசுதார். வெள்ளை வேட்டி, விரலில் மோதிரம், சந்தன வாசனை. அவருடைய வக்கீல் கேள்வி கேட்டு முடித்து, தப்பித்தோம் என்று உட்காரப் போகும்போது நீதிபதி தானாகவே சிலவற்றைக் கேட்டார்.

"நிலம் யாருடையது?"

"என் பேரனுதுங்க."

"பேரன் என்ன செய்கிறார்?"

"பல்லு மொளச்சிக்கிட்டிருக்குதுங்க."

"அறுவடைக்கு யாரை வைத்தீர்கள்?"

மிராசுதார் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரையைப் பார்த்தார். "ஆளு வைக்கலீங்க. குடும்பத்தாரே அறுத்துக்கிட்டோம்."

"குடும்பத்தார் என்றால்?"

"நானும் என் சம்சாரமும்தாங்க. அவங்களுக்கு மூட்டு வலி."

"லாரி நிறைய மூட்டை இருந்ததாக எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதை லாரியில் ஏற்றியது யார்?"

மிராசுதார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கடைசியில், "அது... ஏறிடுச்சுங்க" என்றார்.

நீதிபதி கண்ணை மூடினார். "நெல் மூட்டைகள் தாமாகவே லாரியில் ஏறின, முற்றுப்புள்ளி." நான் அடித்தேன். மிராசுதாரின் வக்கீல் தன் வழக்குக் கட்டிலிருந்து ஏதோ ஒரு காகிதத்தை எடுத்து மிகவும் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார். அது தலைகீழாக இருந்தது.

சிரிப்பு அதோடு சரி. மிராசுதார் பொய் சொல்கிறார் என்பது நாற்காலிகளுக்குக்கூடத் தெரிந்தது. ஆனால் அவர் பொய் சொல்கிறார் என்பதாலேயே காசியம்மாள் சொல்வது நிரூபணமாகிவிடாது. தாவூது சொன்னதையும், தன் தப்பை முதலாளிமேல் போடுகிறார் என்று கம்பெனி ஒதுக்கிவிடும். அவள் கூண்டில் நிற்க முடியாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாட்சி சொன்னாள். ஒல்லியான பெண், முப்பதுக்கு மேல் இருக்காது. மடங்காத கால் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் போகிறவர்கள் தடுக்கிவிடாமல் அதைக் கையால் நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பண்ணையில் வேலை செய்ததற்கு என்ன அத்தாட்சி?" என்றார் கம்பெனி வக்கீல்.

"என் காலுதாங்க."

"கால் விபத்துக்கு அத்தாட்சி. வேலைக்கு?"

கூலிக்குச் சீட்டா கொடுப்பார்கள்? கூட வந்த பெண்கள் ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. அழைத்துவந்த கங்காணிதான் அடுத்த அறுப்புக்கும் அவர்களைக் கூப்பிட வேண்டும். அவரைப் பகைத்துக்கொள்ள முடியுமா? கம்பெனி வக்கீல் உட்காரும்போது அவர் முகத்தில் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிய யோசனை தெரிந்தது.

இடைவேளையில் காசியம்மாளின் வக்கீல் வராந்தாவில் என்னிடம் வந்து புலம்பினார். "அவ மூட்டை புடிச்சதைப் பார்த்தவங்க இருக்காங்கம்மா. ஊரே பார்த்திருக்கு. ஆனா பார்த்தவங்க எல்லாம் கொடி புடிச்சிக்கிட்டு நின்னவங்க. போன வாரம் போய்க் கேட்டேன். 'எங்க வயித்துல அடிக்க வந்தவளுக்கு நாங்க சாட்சி சொல்லணுமா'ன்னு வெளக்குமாத்த எடுக்காத குறைதான்."

"வேற யாருமே இல்லையா சார்?"

"இல்லம்மா. அடுத்த வாய்தாவுக்கு ஆள் இல்லைன்னா முடிஞ்சுது."

அடுத்த வாய்தாவன்று ஆள் இருந்தது. நல்ல பருமனான அம்மாள், நெற்றியில் பெரிய பொட்டு, கையில் மஞ்சள் பை. பக்கிரியம்மாள் என்று டவாலி போட்ட சேவகர் கூப்பிட்டதும், "இந்தா வரேன், ஏன் கத்துறே" என்று அவரையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கூண்டில் ஏறினாள். கொடி பிடித்த கூட்டத்தில் முன்னால் நின்றவள் அவள். வக்கீல் போய்விட்டு வந்த பிறகு ஊரில் ஒருவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"சம்பவத்தன்று மனுதாரர் காசியம்மாளைப் பார்த்தீர்களா?"

"பாத்தேன். பச்சை சீல கட்டிக்கிட்டு மூட்டை புடிச்சா. கரையில நின்னு வஞ்சேன்."

கம்பெனி வக்கீல் எழுந்துவிட்டார். "ஐயா, சாட்சி ஏசியதெல்லாம் இந்த வழக்குக்குத் தேவையில்லாதது. பதிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்."

"என்னவென்று வைதீர்கள்?" என்றார் நீதிபதி.

பக்கிரியம்மாள் சுற்றிலும் பார்த்தாள். "இங்கயே சொல்லவா?"

"சொல்லுங்கள்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அதுவரை அந்தக் கட்டடத்தில் யாரும் உயர்த்தாத அளவுக்குக் குரலை உயர்த்தினாள். "எங்க சோத்துல மண்ணள்ளிப் போட வந்தவளே! பச்ச சீலக்காரி! எங்க நெல்ல மூட்டை புடிக்கிற ஒன் கையி வெளங்காமப் போவ! காரியஸ்தன் மில்லுக்கு வான்னா ஒடனே வண்டியில ஏறிடுவியா? காயப் போடன்னு கூப்புடறான், நீயும் பல்லக் காட்டிக்கிட்டு ஏறுறியேடி! ஏறுற ஒன் காலு..." அங்கே நிறுத்திவிட்டாள். "அவ்ளோதாங்க."

நீதிபதி கம்பெனி வக்கீலைப் பார்த்தார். "யார் மூட்டை பிடித்தது, யார் லாரியில் ஏறச் சொன்னது, எதற்காக ஏறச் சொன்னது, எல்லாம் அதில்தானே இருக்கிறது? தட்டச்சர் அம்மா, வசவையும் சாட்சியத்தில் சேர்த்துக்கொள்ளவும்."

கண்ணை மூடிக்கொண்டு, கிராம்பு மணக்கிற அந்த மெல்லிய குரலில் தொடங்கினார். "எங்கள் உணவில் மண்ணை அள்ளி இட வந்தவளே, வியப்புக்குறி. பச்சை நிறப் புடவை அணிந்தவளே, வியப்புக்குறி..."

"அய்யா, நிறுத்துங்க" என்றாள் பக்கிரியம்மாள். "நான் அப்படி வையலீங்க. உணவுன்னா அது சோறாயிடுமா? ஒறைக்க வேணாமா?"

நீதிபதி கண்ணைத் திறந்தார். முதல்முறையாக ஒரு சாட்சி அவர் தமிழைத் திருத்துகிறாள். "சரி. உள்ளது உள்ளபடியே போடுவோம். நீங்களே ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்."

அவள் சொல்ல, அவர் நிறுத்தக்குறி சொல்ல, நான் அடித்தேன். 'வெளங்காமப் போவ' என்பதை எந்த எழுத்தில் முடிப்பது என்று எனக்கு ஒரு தடுமாற்றம். இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகு கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். "மனுதாரர் உங்களுக்கு விரோதி. உங்கள் கூலியைக் கெடுக்க வந்தவர். விரோதிக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறீர்களே, ஏன்? எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள்?"

பக்கிரியம்மாளின் முகம் அப்படியே மாறிவிட்டது. அவரைப் பார்க்காமல், நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காசியம்மாளைப் பார்த்தாள்.

"கடைசியா ஒண்ண விட்டுட்டேன். ஏறுற ஒன் காலு ஒடிஞ்சு போவன்னு சொன்னேன். சொல்லி வாய மூடல, மதகுகிட்ட வண்டி சாஞ்சுடுச்சு. நாங்கதான் ஓடிப்போய் மூட்டையப் பொரட்டுனோம். இந்தப் புள்ள காலு..." மூக்கைச் சிந்தினாள். "இதோ குந்தியிருக்காரே மிராசுதாரு, இவரத்தாங்க நான் அதிகமா வஞ்சது. காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் வஞ்சேன், வருஷக்கணக்கா வையுறேன். ஒண்ணாவது பலிச்சுதா? கல்லு மாதிரி இருக்காரு. இந்தப் புள்ளைய ஒரு தடவ சொன்னது பலிச்சுப் போச்சே! அதுக்குத்தான் வந்தேன்."

மிராசுதார் சட்டென்று தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நீதிமன்றம் முழுக்கச் சிரித்தது. பக்கிரியம்மாள் சிரிக்கவில்லை.

"ஐயா," என்றாள் நீதிபதியிடம், "என் வாயாலதான் அது ஒடிஞ்சுதா?"

நீதிபதி நேரடியாகப் பதில் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. "சாபத்தினால் கால் ஒடியுமா என்பது இந்த வழக்கில் எழுவினாவாக வரையப்படவில்லை" என்றார். வழக்கில் தீர்மானிக்க வேண்டிய கேள்விகளில் அது இல்லை என்று அர்த்தம். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டினாள்.

இனி வாசித்துக் காட்டுகிற வேலை. அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. எழுந்து நின்று, தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வக்கீல்கள் அத்தனை பேர் முன்னாலும் அந்த வசவுகளை முணுமுணுவென்று வாசித்தேன். நடுவிலேயே பக்கிரியம்மாள் கையைக் காட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஓங்கிச் சொல்லும்மா. நான் கரையிலேருந்து வஞ்சேன். நீ பூசை பண்றாப்ல சொல்றியே."

"உரக்க வாசியுங்கள் அம்மா" என்றார் நீதிபதியும்.

வாசித்தேன். என் வாழ்க்கையில் நான் ஒருவரை அவ்வளவு சத்தமாக வைதது அதுதான் முதலும் கடைசியும். அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காது எரிந்தது.

தீர்ப்பு காசியம்மாளுக்குச் சாதகமாக வந்தது. வேலை நிமித்தமாகவே அவள் லாரியில் ஏற்றப்பட்டாள், டிரைவர் எச்சரித்தும் மூட்டைமேல் ஆள் ஏற்றியது பண்ணையின் தவறு, ஓய்வில்லாதவரை ஓட்டச் சொன்னதற்கும் உரிமையாளரே பொறுப்பு, இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி செலுத்த வேண்டும். கம்பெனி மெட்ராஸுக்கு மேல்முறையீடு போனது. அதற்காகச் சாட்சியங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். அந்தப் பிரதி ஒன்று எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. பக்கிரியம்மாள் மூச்சுப் பிடித்து வைத வசவு முழுவதும் அதில் ஒரே வரியாகச் சுருங்கிக் கிடந்தது: சாட்சி தன் அதிருப்தியைத் தெரிவித்தார். நல்லவேளையாக யாரோ தமிழ்ச் சாட்சியத்தையும் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். தீர்ப்பு அங்கேயும் நின்றது.

பணம் வாங்க வந்தபோது காசியம்மாளோடு பக்கிரியம்மாளும் வந்திருந்தாள். தீர்ப்பு நாளில் அவள் வரவில்லை, நடவு நேரம். இரண்டு பேரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. காசியம்மாள் கைத்தடி ஊன்றி நடக்க, மற்றவள் மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு, "மெதுவா வா, மெதுவா வா, என்ன அவசரம்" என்று அதட்டிக்கொண்டே வந்தாள்.

தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. வழக்கின் எழுவினாக்களில் இல்லாத அந்தக் கேள்விக்கு நீதிபதி தானாக எழுதிய வரி. அவர் டிக்டேட் செய்தபோது நான் தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண் மூடியிருந்தது. அதைப் பக்கிரியம்மாளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. வழக்குக் கட்டை எடுத்துவந்து வராந்தாவில் வைத்து வாசித்துக் காட்டினேன்.

"சாட்சி பக்கிரியம்மாள் வைததற்கும் மனுதாரரின் கால் ஒடிந்ததற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என இத்தீர்ப்பாயம் முடிவு செய்கிறது."

"இன்னொரு தடவ படிம்மா" என்றாள்.

படித்தேன்.

"சர்க்கார் முத்திர போட்டிருக்கா?"

காட்டினேன். அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அந்தப் பெரிய உடம்பு குலுங்க அழுதாள்.

காசியம்மாளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அட, இதுக்குப் போய் அழுவாங்களாக்கா? அன்னிக்கு எத்தினியோ பேரு நின்னு பாத்தாங்க. ஒருத்தர் கண்ணுக்கும் நான் தெரியல. நீங்க வையாம இருந்திருந்தா, நான் அங்க இருந்தேன்னே யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"